ஒமேகா சென்டாரியின் நடுப்பகுதி பிரியவில்லை: பிக்சலா, பி.எஸ்.எஃப்பா?

#1 குப்பம்_வானம்

எல்லாருக்கும் வணக்கம். ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தின் ஓரங்கள் நல்லா பிரியுது, நடுப்பகுதி மட்டும் ஒரே மாவு மாதிரி குழைஞ்சு கிடக்குது. விவரம்:

தொலைநோக்கி 8 அங்குல நியூட்டோனியன், எஃப்/6, குவியத்தூரம் 1200 மி.மீ., இரும்புக் குழல். கேமரா 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கலர் கேமரா. கணக்குப்படி ஒரு பிக்சலுக்கு 0.65 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600 இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்). 60 செகண்ட் சட்டங்கள் (தனித்தனிப் படங்கள்), ராத்திரி 9 மணியிலிருந்து 2 மணி வரை. இடம் குப்பத்துக்குத் தெற்கே, மொட்டை மாடி. கைடிங் (நட்சத்திரத்தைப் பின்தொடர்றது) பிழை ஆர்.எம்.எஸ்: ஆர்.ஏ (கிழக்கு மேற்கு) அச்சில் 1.0, டெக் (வடக்கு தெற்கு) அச்சில் 0.55 ஆர்க்செகண்ட். ஃபோகஸ் 8 மணிக்கு பாஹ்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் பார்க்க உதவுற வரித் தகடு) போட்டு ஒரு தடவை பார்த்தது.

கொத்து தன் அதிகபட்ச உயரத்துக்கு வந்தப்ப எடுத்த சட்டங்களில் நட்சத்திரத்தின் அரை உயர அகலம் (உச்ச வெளிச்சத்தில் பாதி இருக்கிற இடத்தில் அதன் அகலம்) சராசரி 6.8 பிக்சல், அதாவது 4.4 ஆர்க்செகண்ட். சின்ன பிக்சல் கேமரா வாங்கினால் நடுப்பகுதி பிரியுமா?

#2 வாணியம்பாடி_வால்மீன்

2 மடங்கு பார்லோ (குவியத்தூரத்தைக் கூட்டுற லென்ஸ்) போடுங்க. ஒரு பிக்சலுக்கு 0.32 வந்துடும். கேமரா மாத்தறதை விட செலவு கம்மி.

#3 பலமநேரி

பார்லோ வேண்டாம் தம்பி, கேமராவும் வேண்டாம். காசைச் செலவு பண்ணுறதுக்கு முன்னாடி அந்த 4.4 எங்கிருந்து வந்ததுன்னு பிரிச்சுப் பார்க்கலாம்.

நட்சத்திரம் நமக்கு அளவில்லாத புள்ளி. அந்தப் புள்ளி கேமராவில் என்ன வடிவத்தில் விழுதோ அதுதான் புள்ளிப் பரவல் சார்பு, சுருக்கமா பி.எஸ்.எஃப். படத்தில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் இந்த வடிவத்தில்தான் விழும். அரிசி மாவுக் கோலத்தில் புள்ளி வைக்கிறப்ப விரலிடுக்கு அகலமா இருந்தா புள்ளி பெருசாகும், நெருக்கமான இரண்டு புள்ளி ஒண்ணாகிடும். தரையில் எவ்வளவு சின்னக் கட்டம் போட்டாலும் அந்தப் புள்ளிகள் பிரியாது. பிக்சல் என்பது தரையில் போட்ட கட்டம்தான்.

பரவலுக்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றும் தனித்தனியா மங்க வைக்கும், அகலங்களை வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும். இது காஸியன் வடிவத்துக்குத்தான் துல்லியம், ஆனாலும் பட்ஜெட் போட இது போதும். உங்க கணக்கு, ஆர்க்செகண்டில்:

கண்ணாடியின் ஒளி விளிம்பு விளைவு: 550 நானோமீட்டருக்கு, 200 மி.மீ. விட்டத்துக்கு, அரை உயர அகலம் 0.58. வர்க்கம் 0.34.

பிக்சல்: 0.65 அகலமுள்ள சதுரம் ஏறத்தாழ 0.44 காஸியன் அகலத்துக்குச் சமம். வர்க்கம் 0.19.

கைடிங்: ஒரு அச்சுக்குச் சராசரி 0.8, அதை 2.355 ஆல் பெருக்கினா 1.9. வர்க்கம் 3.6.

ஃபோகஸ் நகர்வு: 8 மணிக்குப் பிறகு வெப்பம் 8 டிகிரி இறங்கியிருந்தால் 1.4 வரை. வர்க்கம் 2.

காற்றின் நடுக்கம்: தலைக்கு நேர் மேல, அதாவது நேர் உச்சியில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்க. ஒமேகா சென்டாரி உங்க ஊரில் 30 டிகிரிக்கு மேல் ஏறாது, அங்க அது 3.64 ஆகும். வர்க்கம் 13.3.

கூட்டினால் 19.4, வர்க்கமூலம் 4.4. உங்க அளவு அப்படியே வந்துடுச்சு. காற்றின் 2.4 என் உத்தேசம்தான், அதைச் சரிபார்க்க வழி இருக்கு, பின்னாடி சொல்றேன்.

இப்ப பிக்சலைப் பாதியாக்கிப் பாருங்க. 0.19 என்பது 0.05 ஆகும். மொத்தம் 4.41 இலிருந்து 4.39. பார்லோ வாங்கினா கிடைக்கிற லாபம் இவ்வளவுதான். வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் நாலில் ஒரு பங்கு ஆகிடும், அது தனி நஷ்டம். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே 6.8 பிக்சல் இருக்கு. 2 முதல் 3 பிக்சல் இருந்தாலே மாதிரியெடுப்புக்குப் போதும்.

#4 குப்பம்_வானம்

அக்கா, இரண்டு இடம் புரியல. கைடிங் 0.8 என்று சாப்ட்வேர் காட்டுறப்ப அதை ஏன் 1.9 ஆக்கினீங்க? அப்புறம் 30 டிகிரி உயரத்துக்கு 2.4 எப்படி 3.64 ஆச்சு?

#5 ஆலங்காயத்தான்

இரண்டுக்கும் நான் சொல்றேன்.

ஆர்.எம்.எஸ் என்பது நடுவிலிருந்து விலகலின் சராசரி அளவு, காஸியனில் அது சிக்மா. அரை உயர அகலம் = 2.355 × சிக்மா. நிறைய பேர் "கைடிங் 0.8, காற்று 2.4, அதனால கைடிங் பிரச்சனை இல்ல" என்று விட்டுடுறாங்க. ஒப்பிட வேண்டியது 1.9 ஐயும் 2.4 ஐயும். இந்த ஒரு தப்பால ஆயிரக்கணக்கான சட்டம் வீணாகுது.

உயரம்: தாழ்வா பார்க்கிறப்ப காற்றுத் தடிமன் கூடும். 30 டிகிரியில் 2 மடங்கு. மங்கல் அதன் 0.6 அடுக்காகக் கூடும், 2 இன் 0.6 அடுக்கு 1.52. குப்பத்தின் அட்சரேகை 12.75 டிகிரி, கொத்து இருக்கிறது தெற்கே 47.5 டிகிரி சரிவில், அதனால உச்சமே 30 டிகிரிதான். உச்சி கடந்து 1 மணி நேரத்தில் 28 டிகிரி, 2 மணி நேரத்தில் 24, 3 மணி நேரத்தில் 17 அரை. மங்கல் மடங்கு முறையே 1.56, 1.71, 2.05. நீங்க 9 முதல் 2 வரை எடுத்ததில் இரண்டு கடைசியிலும் இருக்கிற சட்டங்கள் காற்றாலேயே 4 ஆர்க்செகண்டுக்கு மேல போயிருக்கும். அதையெல்லாம் சேர்த்து ஸ்டாக் பண்ணினா நல்ல சட்டத்தின் கூர்மை கரைஞ்சு போகும். உச்சிக்கு முன்னால 1 மணி, பின்னால 1 மணி மட்டும் எடுங்க. ஒரே ராத்திரியில் 5 மணி நேரம் எடுக்கிறதை விட மூணு ராத்திரி 2 மணி நேரம் எடுக்கிறது மேல்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. காற்று ஒரு முப்பட்டகம் மாதிரி நிறத்தையும் பிரிக்கும். 30 டிகிரி உயரத்தில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை 2 ஆர்க்செகண்டுக்கு மேல செங்குத்தா விரியும். கலர் கேமராவில் நீலமும் சிவப்பும் ஒரு ஆர்க்செகண்டுக்குச் சற்று மேல, ஏறத்தாழ 2 பிக்சல் தள்ளி விழும். நட்சத்திரத்துக்கு மேல ஒரு பக்கம் நீல விளிம்பு, கீழ சிவப்பு விளிம்பு தெரிஞ்சா அதுதான். ஆர், ஜி, பி மூணையும் தனித்தனியா பிரிச்சு, தனித்தனியா அலைன் பண்ணி, பிறகு சேருங்க. காசு செலவில்லாத திருத்தம்.

எங்க பக்கத்துல காவலூர்ல இருக்கிற வைணு பாப்பு தொலைநோக்கி 1986 இல் வந்தது, கண்ணாடி 2.34 மீட்டர். விட்டத்தை மட்டும் பார்த்தா 0.06 ஆர்க்செகண்ட் பிரிக்கணும். ஆனா நீள வெளிப்பாட்டுப் (எக்ஸ்போஷர்) படத்தில் அங்கயும் அகலத்தை முடிவு பண்றது காற்றுதான். பெரிய கண்ணாடி அங்க கொடுக்கிறது வெளிச்சம்.

#6 குடியாத்தம்_குவியம்

ஃபோகஸ் பத்தி. 8 மணிக்கு ஒரு தடவை போதாது.

எஃப்/6 இல் ஃபோகஸ் தாங்கும் அளவு 2 × அலைநீளம் × எஃப் எண்ணின் வர்க்கம். 2 × 0.55 × 36 = 40 மைக்ரான், முன்னும் பின்னும். இரும்புக் குழல் 1200 மி.மீ., டிகிரிக்கு 14 மைக்ரான் சுருங்கும். கண்ணாடி பைரெக்ஸாக இருந்தால் அதன் குவியத்தூரமும் டிகிரிக்கு 4 மைக்ரான் குறையும், அது கொஞ்சம் ஈடு பண்ணும். மிச்சம் டிகிரிக்கு 10 மைக்ரான். 4 டிகிரி இறங்கினாலே எல்லை தாண்டிடும். 8 டிகிரிக்கு 83 மைக்ரான், அதை 6 ஆல் வகுத்தா 14 மைக்ரான் வட்டம், கேமராவில் 3.7 பிக்சல். பலமநேரி அக்கா சொன்ன 1.4 இங்கிருந்துதான் வருது.

ஆகவே 2 அல்லது 3 டிகிரிக்கு ஒரு தடவை ஃபோகஸ் பாருங்க. அலுமினியக் குழலாக இருந்தா அது டிகிரிக்கு 28 மைக்ரான், இரண்டு மடங்கு, 1 டிகிரிக்கு ஒரு தடவை பார்க்கணும்.

ஃபோகஸரைத் திருப்புறப்ப எப்பவும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துங்க, குறிப்பா கேமரா எடையைத் தூக்குற திசை. மறு திசையில் வந்து நிறுத்தினா பல் சக்கரத்தின் இடைவெளியில் கேமரா மெல்ல இறங்கிட்டே இருக்கும், முதல் பத்து சட்டம் நல்லா இருக்கும், அப்புறம் கெட்டுப் போகும். வெப்பம் மேல பழி போடுவீங்க, ஆனா காரணம் பூட்டு திருகு இறுக்காதது.

கோமா. நியூட்டோனியனில் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக நட்சத்திரம் வால் முளைக்கும். எஃப்/6 இல் நடுவிலிருந்து 5 மி.மீ. தள்ளி வால் நீளம் 4.5 ஆர்க்செகண்ட், உங்க சென்சார் மூலையில் 14 மி.மீ. என்றால் 12 க்கும் மேல. வாலின் பெரும்பகுதி மங்கல், பிரகாசமான முனை மட்டும் நம்ம கண்ணுக்குப் படும், அதனால சிலர் இது இல்லைன்னு நினைச்சுக்கிறாங்க. கொத்தை சென்சாரின் சரி நடுவில் வையுங்க. கோலிமேஷன் (கண்ணாடிகளை ஒரே நேர்க்கோட்டில் வைப்பது) தப்பா இருந்தா அந்த கோமா இல்லாத நடுப்புள்ளி வேற இடத்துக்குப் போயிடும், சென்சார் நடுவில் வைத்தும் பலன் இருக்காது. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து லேசா ஃபோகஸ் கலைச்சுப் பாருங்க, நிழல் வட்டம் சரி நடுவில் இருக்கணும். ஃபோகஸ் உள்ளேயும் வெளியேயும் இரண்டு பக்கமும் பாருங்க.

#7 ஆலங்காயத்தான்

குடியாத்தம் அண்ணன் சொன்ன அதே ஃபோகஸ் கலைச்ச வட்டத்தில் இன்னொன்னும் தெரியும். வட்டத்துக்குள்ள ஒரு பக்கமா புகை மாதிரி எழும்பிட்டே இருந்தா குழலுக்குள்ள சூடு. கண்ணாடிக்குப் பின்னாடி 12 வோல்ட், 80 மி.மீ. ஃபேன் ஒண்ணு மாட்டி, எடுக்கிறதுக்கு 1 மணி நேரம் முன்னாடியே ஓட்டுங்க. படம் எடுக்கிறப்ப அதிர்வு வந்தா வேகத்தைக் குறைங்க, நிறுத்தாதீங்க.

வட்டம் முழுக்க ஒரே பக்கம் வேகமா ஓடுற கோடுகள் தெரிஞ்சா மேல காற்று, நாம ஒண்ணும் பண்ண முடியாது. மெதுவா கொதிக்கிற மாதிரி இருந்தா தரை சூடு. ஏப்ரல் மாசம் காங்கிரீட் தளம் ராத்திரி 12 மணிக்கும் சூடு விட்டுட்டே இருக்கும். தொலைநோக்கி நிக்கிற இடத்தில் பகல் முழுக்க தென்னங்கீத்து பரப்பி வையுங்க, வெயில் தளத்தில் படவே கூடாது. மாலை 5 மணிக்குத் தண்ணி ஊத்தினா கூட நல்லது, ஆனா 7 மணிக்குள்ள காஞ்சு போயிருக்கணும், இல்லன்னா பனி நேரத்தில் கண்ணாடி வேர்க்கும்.

நீங்க பார்க்கிறது தெற்கு. வீட்டுக்குத் தெற்குப் பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க. தகரக் கூரை, பாறைக் குன்று, கல் அடுக்கி வைத்த இடம் எதுவானாலும் அது மேல போற பார்வைக்கோடு கெடும். 30 டிகிரி தாழ்வான பார்வை என்பதால் பக்கத்து மாடியின் சூடும் நேரா குறுக்கே வரும். அந்தப் பக்கம் மரமோ வயலோ இருக்கிற மாடி கிடைச்சா மாத்திக்கோங்க.

#8 குப்பம்_வானம்

நேத்து ஃபேன் போட்டு, ஒவ்வொரு 2 டிகிரிக்கும் ஃபோகஸ் பார்த்து, ஒமேகா சென்டாரிக்குப் பதிலா எம்5 என்ற வேற நட்சத்திரக் கொத்தை எடுத்தேன். அது ஏறத்தாழ 79 டிகிரி உயரம் வரைக்கும் வருது. கைடிங் மாற்றல.

அரை உயர அகலம் சராசரி 4.9 பிக்சல். ஆனா நட்சத்திரம் வட்டமா இல்ல. நீளப் பக்கம் 5.4, குட்டைப் பக்கம் 4.4. நீளம் எல்லா மூலையிலும் ஒரே திசை, கிழக்கு மேற்கு.

#9 பலமநேரி

இதைத்தான் கேட்க நினைச்சேன், நீங்களே பண்ணிட்டீங்க. ஒரே உபகரணம், உயரமான பொருள். இப்ப காற்றை அளக்கலாம்.

நீளம் எல்லா இடத்திலும் ஒரே திசை என்பதால் கோமா இல்ல, சாய்ந்த சென்சாரும் இல்ல, அதெல்லாம் மூலைக்கு மூலை மாறும். துருவ அச்சு தப்பி படம் முழுக்கச் சுழன்றிருந்தா கைடு நட்சத்திரத்தைச் சுற்றி வளைஞ்சிருக்கும். கிழக்கு மேற்கு என்றால் ஆர்.ஏ அச்சுதான்.

குட்டைப் பக்கம் 4.4 பிக்சல் = 2.84 ஆர்க்செகண்ட், வர்க்கம் 8.1. டெக் கைடிங் 0.55 × 2.355 = 1.3, வர்க்கம் 1.7. கண்ணாடியும் பிக்சலும் 0.5. கழிச்சா 5.9, வர்க்கமூலம் 2.43. 79 டிகிரியில் காற்றுத் தடிமன் 1.02 தான், எனவே நேர் உச்சியில் 2.4. அந்த உத்தேசம் சரி.

நீளப் பக்கம் 5.4 பிக்சல், 3.49. ஆர்.ஏ 1.0 × 2.355 = 2.36, வர்க்கம் 5.5. 5.9 + 5.5 + 0.5 = 11.9, வர்க்கமூலம் 3.45. இதுவும் பொருந்துது. உங்க கைடிங் வரைபடமும் நட்சத்திர வடிவமும் ஒரே கதையைச் சொல்லுது.

ஆர்.ஏவைச் சரிபண்ண: கிழக்குப் பக்கம் லேசா எடை கூட வையுங்க, பல் எப்பவும் ஒரே பக்கம் ஒட்டியிருக்கும். கைடு வெளிப்பாடு 2 முதல் 3 செகண்ட். அரை செகண்ட் வைத்தா மவுண்ட் காற்றின் நடுக்கத்தைத் துரத்தும், அது நட்சத்திரத்தை இன்னும் அகலமாக்கும். வேகம் திருத்தும் அளவு 70 சதவீதத்துக்கு மேல வேண்டாம். கேபிள் எங்கயாவது இழுக்குதான்னு கையால் மவுண்டை முழுக்க ஒரு சுற்று சுற்றிப் பாருங்க. நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கு, தூசியிலும் மரத்திலும் மறையும், அதனால டிரிஃப்ட் முறையில் (வேற நட்சத்திரம் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்து) அச்சைச் சரிபாருங்க.

ஆர்.ஏ 0.6 க்கு வந்தா எம்5 நீளப் பக்கம் 4.5 பிக்சல், நட்சத்திரம் வட்டமாகிடும்.

ஆனா ஒமேகா சென்டாரி விஷயத்தில் நேரா சொல்லிடணும். ஃபோகஸும் கைடிங்கும் சரியானாலும் அங்க 3.98 தான். காற்று மட்டுமே 3.64.

#10 வாணியம்பாடி_வால்மீன்

பார்லோ பத்தி நான் சொன்னது தப்புதான், கணக்கு தெளிவா இருக்கு. அப்ப வியாழன் எடுக்கிறப்ப மட்டும் ஏன் எல்லாரும் பார்லோ போடுறாங்க?

#11 பலமநேரி

அங்க 10 அல்லது 20 மில்லி செகண்டில் சட்டம் எடுக்கிறாங்க, காற்று அந்த நேரத்துக்கு உறைஞ்ச மாதிரி. அப்ப பி.எஸ்.எஃப்பை முடிவு செய்வது கண்ணாடி, அகலம் 0.58. அதைப் பிடிக்க சின்ன பிக்சல் தேவை. 2.9 மைக்ரான் பிக்சலுக்கு எஃப்/11 முதல் எஃப்/15 வரை சரி.

நல்ல சட்டம் எத்தனை கிடைக்கும் என்பதற்கு ஃப்ரீட் 1978 இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். காற்று சீரா இருக்கிற துண்டின் அளவு ஆர்-சைபர் என்று வையுங்க. 2.4 ஆர்க்செகண்ட் என்றால் அது 46 மி.மீ. உங்க 200 மி.மீ. கண்ணாடி அதைப் போல 4.3 மடங்கு, நல்ல சட்டம் நூற்றுக்கு 31. அதே கண்ணாடி 30 டிகிரி உயரத்தில் 6.6 மடங்கு ஆகும், 150 சட்டத்துக்கு ஒண்ணுதான் நல்லது. ஒமேகா சென்டாரியில் மங்கலான நட்சத்திரத்துக்கு 20 மில்லி செகண்டில் ஒரு ஃபோட்டான் கூட வராது, அதனால இந்த வழி அங்க கிடையாது.

#12 சித்தூர்_நுண்ணோக்கி

நுண்ணோக்கிப் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. இனி டிகன்வல்யூஷன் (பி.எஸ்.எஃப்பை வைத்துக் கணக்கால் மங்கலை நீக்குவது) பேச்சு வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் பி.எஸ்.எஃப்பை அளக்க நட்சத்திரம் கிடையாது. 100 நானோமீட்டர் ஒளிரும் மணிகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.1 முதல் 0.2 மைக்ரான் படிகளில் ஆழமாகப் படம் எடுக்கிறோம். என்.ஏ (லென்ஸ் ஒளியைச் சேர்க்கும் கோணத்தின் அளவு) 1.4 எண்ணெய் லென்ஸில், 520 நானோமீட்டருக்குப் பக்கவாட்டுப் பிரிதிறன் 0.61 × 520 / 1.4 = 227 நானோமீட்டர். ஆழத்தில் 800. மணி 227 ஐவிடப் பாதிக்கும் குறைவாக இருக்கவேண்டும். 500 நானோமீட்டர் மணியை வைத்து அளந்தால் அளப்பது மணியைத்தான்.

மணியின் படம் ஃபோகஸுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி விரிய வேண்டும். ஒரு பக்கம் வளையங்கள் தெளிவாகவும் மறுபக்கம் புகையாகவும் இருந்தால் அது கோளப் பிறழ்ச்சி. காரணம் பெரும்பாலும் மேல்தகடு. லென்ஸ் 0.17 மி.மீ. தகட்டுக்குச் செய்யப்பட்டது. எண்ணெயும் மாதிரி இருக்கும் திரவமும் ஒளிவிலகலில் வேறுபட்டால் ஆழம் போகப் போக மோசமாகும். லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் தகட்டின் தடிமனை மைக்ரோமீட்டர் கருவியால் அளக்கவும்.

உங்கள் வேலைக்கும் இதிலிருந்து வருவது ஒன்றே: எந்த இடத்துப் படத்தைத் திருத்தப் போகிறோமோ அந்த இடத்தின், அந்த இரவின், அந்த நிறத்தின் பி.எஸ்.எஃப்பை அளந்து பயன்படுத்த வேண்டும். சூத்திரத்திலிருந்து வரும் அழகான வட்டம் வேலைக்கு ஆகாது. 1990 இல் ஹபிள் ஏவப்பட்டபோது அதன் கண்ணாடி விளிம்பில் 2.2 மைக்ரான் தட்டையாகிப் போயிருந்தது. சோதனைக் கருவியின் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி வைக்கப்பட்டதே காரணம். 1993 டிசம்பரில் திருத்தக் கண்ணாடி பொருத்தும்வரை அளந்த பி.எஸ்.எஃப்பை வைத்து ரிச்சர்ட்சன்-லூசி முறையில் படங்களைச் சரிசெய்தார்கள். பிரகாசமான பொருள்களில் அது நன்றாக வேலை செய்தது. மங்கலானவற்றில் இரைச்சலுக்குள் போன ஒளியை எந்தக் கணக்காலும் மீட்க முடியவில்லை.

#13 குப்பம்_வானம்

சிரில் சாப்ட்வேரில் பண்றப்ப பி.எஸ்.எஃப்புக்கு காஸியன் எடுக்கட்டுமா, மொஃபாட் எடுக்கட்டுமா?

#14 பலமநேரி

மொஃபாட். காற்றால் வரும் பரவலுக்கு நீளமான பாவாடை இருக்கும், காஸியன் அதை வெட்டிடும். காஸியன் வைத்தா நட்சத்திரத்தைச் சுற்றி மங்கல் ஒளிவட்டம் மிச்சம் இருக்கும், ஒமேகா சென்டாரி நடுப்பகுதி மாதிரி நெருக்கமான இடத்தில் அந்த மிச்சம் எல்லாம் சேர்ந்து மறுபடி மாவாகும். உங்க பீட்டா (அந்தப் பாவாடை எவ்வளவு நீளம் என்று சொல்ற மொஃபாட் எண்) 2.5 க்கும் 4.8 க்கும் நடுவில் வரும். வெளியே போனா தேர்ந்த நட்சத்திரங்களில் ஏதோ தப்பு.

இதுவும் நேர்க்கோட்டு நிலையில், ஸ்ட்ரெட்ச் பண்றதுக்கு (மங்கலானதைப் பிரகாசமாக்குறதுக்கு) முன்னாடி. ஆர், ஜி, பி தனித்தனியா. நட்சத்திரங்களைக் கொத்தின் வெளி ஓரத்திலிருந்து எடுங்க, ஆனா சென்சார் நடுவிலிருந்து 5 மி.மீ. க்குள்ள. குறைந்தது 30, பக்கத்தில் அண்டை நட்சத்திரம் இல்லாதது, உச்சம் செறிவளவில் 70 சதவீதத்துக்குக் கீழ. செறிவுற்ற நட்சத்திரம் ஒண்ணு சேர்ந்தாலும் பி.எஸ்.எஃப் தட்டையாகிடும், அதனால படம் முழுக்க தப்பாத் திருந்தும்.

ரிச்சர்ட்சன்-லூசி 10 சுற்றில் தொடங்குங்க. நட்சத்திரத்தைச் சுற்றி கருப்பு வளையம் வந்த உடனே நிறுத்தி 3 சுற்று பின்னாடி போங்க. பின்னணி வானத்தில் புழு மாதிரி நெளிவு வந்தா இரைச்சலைத் திருத்துது என்று அர்த்தம்.

பிக்சல்களைச் சேர்த்து ஒண்ணாக்குற பின்னிங் பண்ணாதீங்க. உங்க 6 பிக்சல் அகலம் டிகன்வல்யூஷனுக்கு நல்ல வசதி.

#15 சித்தூர்_நுண்ணோக்கி

ஒரு திருத்தம். 10 சுற்று என்பது சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தைப் பொறுத்தது. நடுப்பகுதி பிரகாசம், 20 தாங்கும். ஓரம் 5 கூடத் தாங்காது. ஒரு மாஸ்க் போட்டு நடுவுக்கு மட்டும் அதிகச் சுற்றும் ஓரத்துக்கு மூலப் படமும் வைப்பது நல்லது. திருத்திய படத்தில் நட்சத்திரப் பிரகாசத்தை அளக்க வேண்டாம், மூலப் படத்திலேயே அளக்கவும்.

#16 பலமநேரி

சரி சார், மாஸ்க் இங்க அவசியம். ஒத்துக்கிறேன்.

#17 குப்பம்_வானம்

கிழக்குப் பக்கம் எடை கூட்டி, கைடு வெளிப்பாட்டை அரை செகண்டிலிருந்து 2 செகண்டாக்கினேன், ஆர்.ஏ 0.65 க்கு வந்தது. கொத்து உச்சிக்கு 1 மணி முன்னும் பின்னும் மட்டும் 110 சட்டம். மீடியன் அகலத்தை விட 15 சதவீதம் அதிகமானதைக் கழித்த பிறகு 93. அகலம் 6.3 பிக்சல், 4.07 ஆர்க்செகண்ட். பச்சைச் சேனலில் 15 சுற்று, மாஸ்க்குடன். நடுப்பகுதியில் ஏற்கெனவே ஒண்ணா தெரிந்த இடங்களில் சில ஜோடிகள் பிரியுது, மிச்சம் பிரியல. நீலச் சேனலில் 8 சுற்றிலேயே வளையம் வந்துடுச்சு.

685 நானோமீட்டர் அகச்சிவப்பு ஃபில்டர் ஒண்ணு கிடக்குது. அதில் எடுத்தா காற்று குறையுமா?

#18 ஆலங்காயத்தான்

குறையும், ஆனா கொஞ்சம்தான். மங்கல் அலைநீளத்தின் ஐந்தில் ஒரு அடுக்காகக் குறையுது. 550 இலிருந்து 750 க்குப் போனா 6 சதவீதம், உங்க 3.64 என்பது 3.42 ஆகும். நிறப்பிரிவு ஏறத்தாழ போயிடும், அதுதான் அங்க பெரிய லாபம். கொத்தின் சிவப்பு அரக்க நட்சத்திரங்கள் (ரெட் ஜயண்ட்) அங்க நல்லா ஒளிரும், ஆனா சென்சாரின் உணர்திறன் குறைவு, அதனால சட்டம் 2 மடங்கு வேணும். அகச்சிவப்பில் ஃபோகஸ் வேற இடத்தில் வரும் என்று சொல்வாங்க, நியூட்டோனியனில் கண்ணாடி மட்டும்தான், நகராது. ஃபில்டரின் கண்ணாடித் தடிமனுக்கு மட்டும் மறுபடி ஃபோகஸ் பாருங்க, 2 மி.மீ. தடிமன் என்றால் 0.7 மி.மீ. வெளியே தள்ளும்.

#19 குப்பம்_வானம்

சரிண்ணா. வர்ற அமாவாசைக்கு ஃபில்டரோட எடுத்து, பச்சைச் சேனலையும் அகச்சிவப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, மூல சட்டங்களின் அகலத்தோட போடறேன். தெற்குப் பக்கம் மாமா வீட்டு மாடி இருக்கு, அங்கிருந்து பார்த்தா குறுக்கே நிலக்கடலை வயல்தான். கீத்தும் அங்கயே கிடைக்கும்.